தமிழில் திங்கள்முறைச் சித்திரக் கதையும் அதன் வாசகரும்: ஓசூர் எல்லைப்புலத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

1. முன்னுரை

ஒரு மொழியின் வாசிப்பு வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் பேரிலக்கியங்களையும் அவற்றின் உரைகளையும், அச்சுக்கலை பரவிய பின்னர்த் தோன்றிய நாவல், சிறுகதை முதலியவற்றையுமே கருத்திற் கொள்வர். மக்கள் தம் கைக்காசு கொடுத்து வாங்கி, அடுத்த ஏடு வரும் நாளை எண்ணிக் காத்திருந்து, படித்தபின் தகரப் பெட்டியிற் பூட்டி வைத்த ஏடுகள் பல அவ்வரலாற்றில் இடம் பெறுவதில்லை. திங்கள்தோறும் வெளிவந்த வீரசாகசச் சித்திரக் கதை இதழ்கள் அத்தகையன. ‘காமிக்ஸ்’ என்று மக்கள் வழக்கில் நிலைபெற்ற இவ்விதழ்களைச் சிறுவர் விளையாட்டு எனக் கருதி ஒதுக்கியோர் உளர். ஆயின், ஐம்பது ஆண்டுகட்கு மேலாக ஒரு வாசகர் கூட்டம் இவற்றை இடைவிடாது பின்தொடர்ந்து வந்துள்ளமை ஒதுக்கத் தக்க செய்தியன்று. அப் பின்தொடர்தலின் வரலாற்றையும், அதனைத் தமிழகத்தின் வடமேற்கு எல்லையாகிய ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியில் நின்று நோக்குங்கால் புலப்படும் சில உண்மைகளையும் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இவ்விதழ்கள் பிறந்த இடம் சிவகாசி. நாம் நின்று நோக்கும் இடமோ அதற்கு நானூறு கிலோமீட்டருக்கும் அப்பாற்பட்ட எல்லையூர். அங்ஙனமாயின் எல்லைப்புலத்தை முன்வைப்பது ஏன் என்று வினவலாம். ஓர் ஏடு அச்சாகும் ஊரில் அதன் உற்பத்தி வரலாறு கிடைக்கும். அது சென்று சேரும் தொலைவூரிலேதான் அதன் வாசிப்பு வரலாறு தெளிவுறும். அதுவே நம் விடை.

2. எல்லைப்புலத்தின் இயல்பு

ஓசூர் நெடுங்காலம் சேலம் மாவட்டத்தின் ஒரு வட்டமாக விளங்கியது. 1965-இல் தருமபுரி மாவட்டம் அமைந்தபோது அதனுட் சேர்ந்தது. 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபோது அதன் பகுதியாயிற்று. 2019-இல் மாநகராட்சி நிலையை எய்திற்று. பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள இவ்வூரில் தமிழோடு கன்னடமும் தெலுங்கும் வீட்டுமொழிகளாக வழங்குதல் யாவரும் அறிந்ததே. கிருஷ்ணகிரியோ சென்னை, பெங்களூர், சேலம் ஆகிய மூன்று திசைப் பெருவழிகளும் கூடும் சந்தி. வண்டியும் சரக்கும் போலவே ஏடுகளும் இச்சந்தியைக் கடந்தே எல்லையை அடைதல் வேண்டும்.

1971-இல் தோன்றிய சிப்காட் நிறுவனம் ஓசூரில் அமைத்த தொழில் வளாகம் இந்நிலப்பகுதியின் முகத்தையே மாற்றிற்று. 1980-ஆம் ஆண்டளவில் அசோக் லேலண்டின் ஊர்தி ஆலையும், டி.வி.எஸ். நிறுவனத்தின் மொபெட் ஆலையும் இங்கு இயங்கலாயின. டாட்டா குழுமமும் தமிழ்நாட்டுத் தொழில் வளர்ச்சிக் கழகமும் இணைந்து 1984-இல் தோற்றுவித்த டைட்டன் கைக்கடிகார நிறுவனத்தின் ஆலையும் இவ்வூரிலேயே எழுந்தது. இவ்வாலைகளை நாடித் தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் இளைஞர் வந்து குடியேறினர். பிறந்த ஊரை விட்டு வந்தவர்க்கு, முன்பு படித்த ஏட்டினைப் புதிய ஊரிலும் தொடர்ந்து பெறுதல் ஊர்த்தொடர்பு அறாது காக்கும் வழிகளுள் ஒன்றாகும். திங்கள் ஊதியமும் திங்கள் இதழும் ஒரே கால அளவையில் இயங்குதலும் ஈண்டு எண்ணத் தக்கது.

3. படமும் எழுத்தும்: ஒரு தெளிவு

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்கள் நடுகற்கள் மிக்க நிலம். ஆநிரை மீட்டும் ஊர் காத்தும் வீழ்ந்த மறவனின் உருவைக் கல்லிற் செதுக்கி, அருகே அவன் பெயரும் செயலும் பொறிக்கும் வழக்கத்தினைத் தொல்காப்பியமும் சுட்டுகின்றது. ஒரு வீரனின் செயலைப் படத்தாலும் எழுத்தாலும் ஒருசேர உணர்த்தும் முறை இந்நிலத்திற்குப் புதிதன்று என்பது இதனாற் பெறப்படும்.

ஆயினும், நடுகல்லினின்று சித்திரக் கதை தோன்றிற்று என்று கூறுதல் பொருந்தாது. நடுகல் இறந்துபட்டவனை நினைவு கூர்வது. ஒரே காட்சியில் முடிவது. சித்திரக் கதையின் வீரனோ இறவாதவன். கட்டம் கட்டமாக இயங்குபவன். திங்கள்தோறும் மீண்டும் வருபவன். ‘அடுத்து என்ன’ என்னும் வினா நடுகல்லின் முன் எழுவதில்லை; சித்திரக் கதையின் உயிரே அவ்வினாதான். இவ்வேறுபாட்டை மறந்து பழமைச் சிறப்புக் காட்ட முற்படுவோர் இரண்டனுக்கும் நீதி செய்தவராகார். சித்திரக் கதை இருபதாம் நூற்றாண்டின் அச்சுத் தொழிலும் அயல்நாட்டுக் கதை உரிமையும் தந்த புதுவரவு என்று கொள்வதே வரலாற்றுக்கு ஒத்தது.

4. தோற்றுவாய்

1947-இல் தொடங்கிய ‘அம்புலிமாமா’ படங்களோடு கூடிய கதைகளைத் திங்கள்தோறும் எதிர்நோக்கும் பழக்கத்தைத் தமிழ்ச் சிறார்க்கு உண்டாக்கிற்று. 1960-இல் ‘தினத்தந்தி’ தொடங்கிய ‘கன்னித்தீவு’ நாள்தோறும் சில கட்டங்களாக வெளிவந்து, முடிவின்றித் தொடரும் படக்கதையைத் தமிழ் வீடுகட்கெல்லாம் அறிமுகம் செய்தது. எனினும், ஒரு கதையைத் தனி ஏடாக, முழுவதும் கட்டங்களால் அமைத்துத் தருதல் இவ்விரண்டினின்றும் வேறாகும்.

பம்பாயில் டைம்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனத்தார் 1964-இல் தொடங்கிய ‘இந்திரஜால் காமிக்ஸ்’ அவ்வகையில் இந்தியாவில் முன்னோடியாயிற்று. லீ ஃபாக் என்னும் அமெரிக்கர் 1936-இல் படைத்த முகமூடி வீரனாகிய ஃபாண்டமின் கதைகளே அதன் அடிப்படை. ஆங்கிலத்தோடு தமிழ், கன்னடம் உள்ளிட்ட இந்திய மொழிகள் பலவற்றிலும் அது வெளிவந்து 1990-இல் நின்றது. எல்லைப்புலத்தை நோக்குவார்க்கு இச்செய்தி சிறப்புடையது. ஒரே வீரனின் ஒரே கதையினைத் தமிழிலும் கன்னடத்திலும் வாங்கிப் படிக்கத்தக்க நிலை அக்காலத்தில் இருந்தது. வீட்டில் ஒருமொழியும் பள்ளியில் மற்றொரு மொழியும் வழங்கும் ஊரில், படம் துணை நிற்க எழுத்தைக் கூட்டிப் படிக்கும் வாய்ப்பினை இத்தகைய ஏடுகள் நல்குவன. படத்தால் முன்னரே பொருள் விளங்கியவிடத்துச் சொல் எளிதிற் பிடிபடும் என்பது மொழி கற்பிப்போர் அறிந்த உண்மையாம்.

5. சிவகாசியும் இரும்புக்கை மாயாவியும்

தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் வேண்டிய வண்ணத் தாள்களை அச்சிடும் தேவையால் சிவகாசியில் அச்சுத்தொழில் வளர்ந்தது. அத்தொழிற் சூழலில் 1972-இல் சௌந்திரபாண்டியன் அவர்கள் ‘முத்து காமிக்ஸ்’ இதழைத் தோற்றுவித்தார். முல்லை தங்கராசன் அவர்கள் அதன் ஆசிரியப் பொறுப்பினை ஏற்றார். முதல் ஏடு ‘இரும்புக்கை மாயாவி’. ‘பாம்புத் தீவு’, ‘நாச அலைகள்’, ‘உறைபனி மர்மம்’, ‘கொரில்லா சாம்ராஜ்யம்’ எனப் பின்னர் வந்த மாயாவி ஏடுகளின் பெயர்களை இன்றும் மனப்பாடமாகக் கூறும் வாசகர் உளர்.

இக்கதையின் மூலம் இங்கிலாந்தைச் சார்ந்தது. 1962 அக்டோபரில் தொடங்கிய ‘வேலியன்ட்’ என்னும் வார இதழில் ‘ஸ்டீல் கிளா’ என்ற பெயரால் அது வெளிவந்தது. ஸ்பானிய ஓவியரான ஹெசுஸ் பிளாஸ்கோ அதனை வரைந்தார். அவ்வீரனின் கதைகளும் ஜானி நீரோ, ஸ்பைடர் முதலியோர் கதைகளும் 1967, 1968-ஆம் ஆண்டுகளில் ‘ஃபிளீட்வே சூப்பர் லைப்ரரி’ என்னும் சிற்றேட்டு வரிசையிலும் வந்தன. கருப்பு வெள்ளைக் கோட்டோவியங்களாக அமைந்தமையின் இக்கதைகள் குறைந்த செலவில் அச்சிடற்கு ஏற்றவாயிருந்தன. அமெரிக்க வண்ண ஏடுகளின் வீரர்களினும் பிரித்தானிய வீரர்கள் தமிழில் முன்னர் வேரூன்றியமைக்கு இதனை ஒரு காரணமாகக் கொள்ளலாம்.

கதைத் தலைவன் லூயிஸ் கிராண்டல் ஓர் ஆய்வுக்கூட உதவியாளன். விபத்தில் வலக்கையை இழந்தவன். அதற்கு ஈடாக இரும்புக்கை பொருத்தப் பெற்றவன். மின்சாரம் உடலிற் பாயுங்கால் அவன் உருவம் மறைந்துவிடும். இரும்புக்கை மட்டும் வெளியே தோன்றும். தொடக்கத்தில் இவ்வாற்றலைத் தீய வழியிற் செலுத்தியவன், பின்னர்த் திருந்தி ‘நிழற்படை’ என்னும் மறைவு அமைப்பின் சார்பில் தீயோரை எதிர்க்கின்றான்.

இத்தலைவன் நம் காப்பியத் தலைவரினின்றும் எவ்வாறு வேறுபடுகின்றான் என்பதை நோக்குதல் வேண்டும். காப்பியத் தலைவன் குலத்தாற் சிறந்தவன். அவன் ஆற்றல் வரத்தாலோ தவத்தாலோ வருவது. கிராண்டலோ ஊதியத்திற்குப் பணிபுரிந்தவன், பணியிடத்தில் உறுப்பிழந்தவன், இழந்த உறுப்பே அவனுக்கு ஆற்றலாயிற்று. அவ்வாற்றலுக்கு மின்சாரம் வேண்டும்; அது சிறிது நேரமே நிற்கும்; மறைந்து நிற்கும்போதும் இரும்புக்கை அவனைக் காட்டிக் கொடுக்கும். இங்ஙனம் குறையும் வரம்பும் உடைய வீரன், எந்திரங்களின் நடுவே வாழும் தொழில்நகர் வாசகர்க்குத் தேவலோக வீரனினும் அணுக்கமானவன் என்பதில் ஐயமில்லை.

6. பெயரிடுதலும் மொழியும்

மொழிபெயர்ப்பாளர் செய்த முதற்பணி பெயரிடுதல். ‘ஸ்டீல் கிளா’ என்பது இரும்பு நகத்தினையே குறிக்கும். தமிழில் அது ‘இரும்புக்கை மாயாவி’ ஆயிற்று. மூலப்பெயர் கருவியை மட்டும் சுட்ட, தமிழ்ப்பெயர் கருவியையும் மறையும் ஆற்றலையும் ஒருங்கே சுட்டுகின்றது. மாயாவி என்பது இராமகாதையில் வாலியோடு பொருத அசுரனின் பெயர் என்பதை அறிவோம். அசுரற்கு உரிய பெயர் நாட்டைக் காக்கும் வீரற்கு ஏறியமை, தீயவனாகத் தொடங்கி நல்லவனாக மாறிய அவன் வரலாற்றுக்கும் இயைபுடையதே.

ஃபாண்டமின் பெயர் மாறிய முறையும் ஆராயத் தக்கது. முத்து காமிக்ஸ் வழக்கில் அவர் ‘வேதாளர்’. விக்கிரமாதித்தன் கதை கேட்ட செவிக்கு வேதாளம் பழகிய சொல். ஆயின் அஃறிணைச் சொல்லாகிய அது ரகர ஈறு பெற்று உயர்திணைப் பன்மையாய் மதிப்புப் பெற்றது. ‘ராணி காமிக்ஸ்’ அதே வீரரை ‘முகமூடி வீரர் மாயாவி’ என வழங்கிற்று. எனவே ‘மாயாவி’ என்னும் ஒரே சொல் ஓர் இதழின் வாசகர்க்கு இரும்புக்கை உடையானையும், மற்றோர் இதழின் வாசகர்க்கு முகமூடி அணிந்தாரையும் குறிப்பதாயிற்று. ஒருவர் ‘மாயாவி’ என்றவுடன் யாரை எண்ணுகின்றார் என்பதைக் கொண்டே அவர் எவ்விதழை, எக்காலத்திற் படித்தார் என்று ஓரளவு துணியலாம். சொல் வரலாற்றுக்கு இத்துணை அண்மையான சான்று எளிதிற் கிட்டாது.

ஒலிக்குறிப்புச் சொற்களும் கருதத் தக்கன. இசை, குறிப்பு, பண்பு என்பவற்றின் அடிப்படையிற் சொற்கள் பிறத்தலைத் தொல்காப்பியம் பேசுகின்றது. ‘டமால்’, ‘படார்’ முதலிய பேச்சு வழக்கின் ஒலிக்குறிப்புகள் படத்தின் உள்ளேயே பெரிய எழுத்தில் இடம்பெற்று, படத்தின் உறுப்பாகவே அமைந்தன. எழுத்தின் பருமனே ஓசையின் பருமனை உணர்த்தும் இம்முறை தமிழ் எழுத்து வழக்கிற்கு ஒரு புதிய பயன்பாடு என்னலாம்.

7. 1984-ஆம் ஆண்டு

தமிழ்ச் சித்திரக் கதை வரலாற்றில் 1984 ஒரு திருப்பம். அவ்வாண்டு ஜூலையில் சௌந்திரபாண்டியன் அவர்களின் மகன் விஜயன் அவர்கள், பதின்ம வயதினராய் இருந்தபோதே, ‘லயன் காமிக்ஸ்’ இதழைத் தொடங்கினார். முதல் ஏடு மாடஸ்டி பிளைசி என்னும் வீரப்பெண்ணின் கதையாகிய ‘கத்தி முனையில் மாடஸ்டி’. அதே திங்களில் தினத்தந்தி குழுமத்தார் ஜேம்ஸ் பாண்டின் ‘அழகியைத் தேடி’ என்னும் ஏட்டோடு ‘ராணி காமிக்ஸ்’ இதழைத் தொடங்கினர். நாளிதழின் விற்பனை வழிகள் துணை நின்றமையின் பின்னது 2005 வரை நடைபெற்றது.

லயன் காமிக்ஸின் பெருவெற்றி ‘ஸ்பைடர்’ வந்தபின் உண்டாயிற்று. குற்றவாளிகட்கெல்லாம் அரசனாக விழைந்து, பின் குற்றவாளிகளையே எதிர்க்கத் தொடங்கிய அவன் ‘எத்தனுக்கு எத்தன்’ என்னும் ஏட்டினால் தமிழுக்கு வந்தான். சூப்பர்மேனைப் படைத்த இருவருள் ஒருவராகிய ஜெரி சீகலே இவ்வீரனின் கதைகள் பலவற்றை எழுதினார் என்பது பலர் அறியாதது. இரும்பு மனிதன் ஆர்ச்சியும் வாசகரின் நெஞ்சிற் குடிகொண்டான். பேட்மேன் கதைகளும் அவ்வெளியீட்டகத்தின் ஏடுகளில் இடம் பெற்றன. ‘திகில்’, ‘மினி லயன்’ எனத் துணையிதழ்களும் தோன்றின. கைக்கடிகார நிறுவனமும் இவ்விரு இதழ்களும் ஒரே ஆண்டிற் பிறந்தமை தற்செயலே. ஆயினும் ஓசூரின் தொழில் வளர்ச்சியும் சித்திரக் கதையின் வளர்ச்சியும் ஒரு தலைமுறையின் இளமையில் ஒருங்கே நிகழ்ந்தன என்பது நினைவில் இருத்தற்குரியது.

8. பின்தொடர்தல் என்னும் செயல்

திங்கள் இதழைப் பின்தொடர்தல், நூலைப் படித்தலின் வேறானதொரு செயல். நூல் முழுமையாகக் கையில் வருவது. தொடரிதழோ ஒரு வாக்குறுதி. ஏட்டின் இறுதியில் அமைந்த அடுத்த வெளியீட்டின் அறிவிப்பே அவ்வாக்குறுதி. அது நிறைவேறும்வரை வாசகர் கற்பனையால் அவ்வெற்றிடத்தை நிரப்புவர். கடைக்காரரிடம் வினவுதல், ஏடு தீர்ந்துவிடின் அடுத்த ஊர்க் கடையில் தேடுதல், நண்பரிடம் மாற்றிக் கொள்ளுதல், விடுபட்ட எண்ணைப் பழைய புத்தகக் கடையில் தேடிச் சேர்த்தல் என்பன இவ்வாசிப்பின் உறுப்புகளாம். ஏட்டின் எண்ணை நினைவில் வைத்துப் பட்டியலிடும் வழக்கம், கற்றோர் போற்றும் நூற்பட்டியற் கலையோடு ஒத்தது. அதனை வாசகர் ஒருவரும் கற்பிக்காமலே கைக்கொண்டனர்.

வாசகரையும் ஆசிரியரையும் இணைத்தவை ஏட்டின் முன்பக்கங்கள். லயனில் ‘ஹாட்லைன்’ என்றும், முத்துவில் ‘காமிக்ஸ் டைம்’ என்றும் பெயர்பெற்ற பகுதிகளில் ஆசிரியர் வாசகரோடு நேரிற் பேசுவார்போல் எழுதினார். காலத்தாழ்வும் வருங்காலத் திட்டமும் அங்கே இடம் பெற்றன. ‘சிங்கத்தின் சிறு வயதில்’ என்னும் தொடரில் விஜயன் அவர்கள் இதழ் நடத்திய தம் இளமைக்கால நினைவுகளை எழுதினார். தமிழ் வெகுசன அச்சு வரலாற்றுக்கு அது ஒரு முதன்மைச் சான்று.

வாசகரின் பொறுமைக்கு எல்லைக்கல்லாக விளங்குவது ‘இரத்தப் படலம்’. நினைவிழந்த ஒருவன் தன்னைத் தானே தேடும் இப்பெல்ஜியத் தொடர் 1980-களில் தமிழில் தொடங்கிப் பல்லாண்டுகள் விட்டு விட்டு வந்தது. அதனை ஒரே பெருந்தொகுப்பாகக் கண்டது 2010-இல். பள்ளிப் பருவத்தில் முதற்பகுதியைப் படித்தவர் தம் மக்களைப் பள்ளிக்கு அனுப்பும் வயதில் அத்தொகுப்பினைப் பெற்றனர். கதைத் தலைவன் நினைவிழந்தவன். அவன் கதையை மறவாது காத்தவர் வாசகர்.

9. தளர்ச்சியும் மீட்சியும்

தொலைக்காட்சி பரவிய பின்னர் இவ்விதழ்கள் தளர்ந்தன. இந்திரஜால் 1990-இலும் ராணி 2005-இலும் நின்றன. முத்துவும் லயனும் நின்றுவிடவில்லை எனினும், திங்கள்முறை குலைந்து, ஏடுகள் எப்போது வரும் என்று கூறவியலாத நிலை நேர்ந்தது. கடைகளில் ஏடு கிடைத்தல் அரிதாயிற்று.

இந்நிலையில் 2012 தொடக்கத்திற் சென்னைப் புத்தகக் காட்சியை ஒட்டி வெளிவந்த வண்ணச் சிறப்பேடு மீட்சிக்கு வித்திட்டது. விற்பனைக் கடையைப் பெரிதும் நம்பாது, முன்பணம் செலுத்தும் வாசகரை நம்பி இதழ் நடத்தும் சந்தா முறை வலுப்பெற்றது. கடை வழியே வந்த ஏடு அஞ்சல் வழியே வீட்டை அடையலாயிற்று. சிவகாசிக்கு அண்மையிலுள்ளாரும் எல்லையூரிலுள்ளாரும் ஏட்டினைப் பெறும் வகையில் ஒருநிலையினர் ஆயினர்; வாசிப்பில் தொலைவென்னும் தடை நீங்கிற்று. மாயாவி, ஸ்பைடர் முதலியோரின் பழைய கதைகள் மறுபதிப்புப் பெற்றன. ஈரோட்டில் ஆகஸ்டு திங்களில் நடைபெறும் புத்தகத் திருவிழாவை ஒட்டி வாசகர் கூடும் வழக்கம் உண்டாயிற்று. ‘இரத்தப் படலம்’ வண்ணப் பதிப்பு 2018-இல் அங்கு வெளிவந்தது. 2022-இல் முத்து காமிக்ஸ் தன் ஐம்பதாம் ஆண்டினை நிறைவு செய்தது.

இம்மீட்சியால் ஓர் இழப்பும் உண்டாயிற்று. பேருந்து நிலையக் கடையில் தொங்கிய ஏட்டினைத் தற்செயலாகக் கண்டு, சில்லறை கொடுத்து வாங்கிய சிறுவனைச் சந்தா முறை எளிதில் எட்டாது. பழைய வாசகரின் உறுதி இதழைக் காத்தது. புதிய வாசகர் நுழையும் வாயில் குறுகிற்று. இருபுறமும் நோக்கியே மீட்சியை மதிப்பிடல் வேண்டும்.

10. முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படுகின்றன. முதலாவது, அயல்நாட்டுக் கதை எனினும் பெயராலும் மொழியாலும் இவ்வீரர் தமிழராகவே வாழ்ந்தனர். இரண்டாவது, இவ்விதழ்களின் வரலாறு வெளியீட்டாளரின் வரலாறு மட்டுமன்று. காத்திருந்த வாசகரின் வரலாறுமாம். மூன்றாவது, அவ்வரலாற்றின் சான்றுகள் இன்று அழியும் நிலையில் உள்ளன.

1954-ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டத்தின்படி வெளியீடுகளின் படிகள் சென்னைக் கன்னிமாரா நூலகம் உள்ளிட்ட பொது நூலகங்களைச் சேர்தல் வேண்டும். ஆயின், வாசகர் கடிதம், சந்தாச் சீட்டு, கைப்பட எழுதிய எண்பட்டியல், மாற்றிக் கொண்டவர் பெயர் குறித்த அட்டை ஆகியவற்றிற்கு எச்சட்டமும் காவலாகாது. மட்டமான தாளில் அச்சான ஏடுகள் பழுத்து, தொட்டாற் பொடியும் தன்மையன. கோட்டையூர் ரோஜா முத்தையா அவர்கள் தனியொருவராய்த் திரட்டியவையே அவர் மறைவிற்குப் பின்னர் 1994-இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக மலர்ந்தன. அறிஞர் குப்பை என்று தள்ளியவை ஆர்வலரின் வீட்டிற் பிழைத்து, பின்னர் ஆராய்ச்சிக்கு அடிப்படையாயின என்பதற்கு அது தக்க சான்று.

ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியில் ஆலைப்பணியை நாடி வந்த முதல் தலைமுறையினர் இன்று ஓய்வு பெற்றும் பெறும் நிலையிலும் உள்ளனர். வீடு மாறுங்காலும், மக்கள் அயலூர் செல்லுங்காலும் முதலிற் பழைய தாள் வணிகரிடம் எடைக்குச் செல்வன பெட்டியிலுள்ள இவ்வேடுகளே. பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் மாணாக்கரைக் கொண்டு இவ்வாசகரைக் கண்டு, அவர்தம் நினைவுகளைப் பதிவு செய்து, ஏடுகளைப் படியெடுத்துப் பாதுகாத்தல் கடன். சுவடிகளை வீடுவீடாகத் தேடிய மரபு நமக்கு உண்டு. அதே கால்நடை இவ்வெல்லைத் தெருக்களிலும் தொடங்குவதாக.